கிராணி மேல் பழி போடாதீர்கள்

(தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்காக மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மண்டப வாசலில் இரண்டு தொட்டிகளில் ஹைட்ரேஞ்சியா வைத்திருக்கிறார்கள். ஒன்று நீலம், ஒன்று ரோஜா நிறம். இந்த மலையில் பிறந்த எனக்கு அந்தப் பூ புதிதில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்த இரண்டில் ஒரே கிளையை ஒடித்து நட்டார்கள். ஒரு வீட்டில் நீலமாகப் பூத்தது, மறு வீட்டில் சிவப்பாகப் பூத்தது. எதிர்வீட்டுக்காரி கண் வைத்துவிட்டாள் என்று ஒரு சண்டைகூட நடந்தது. காரணம் கண் இல்லை, மண். புளித்த மண்ணில் அந்தப் பூ நீலமாகும். சுண்ணாம்பு விழுந்த மண்ணில் சிவக்கும். பூ நிறம் மாறினால் பூவுக்கா மருந்து அடிப்பீர்கள்? வேருக்குக் கீழே என்ன இருக்கிறது என்றுதானே பார்ப்பீர்கள்?

இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். இது சிறுநீரகத்தைப் பற்றிய பேச்சு. ஆனால் சிறுநீரக நோயைப் பற்றிய பேச்சு இல்லை. சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லாமலே இரத்தப் பரிசோதனைத் தாளில் அது கெட்டுப்போனதுபோல் தெரியும் நிலைகள் இருக்கின்றன. தப்பு வயிற்றில் நடந்திருக்கும், சாப்பாட்டுத் தட்டில் நடந்திருக்கும், பூட்டிய குளியலறைக்குள் நடந்திருக்கும். தண்டனை மட்டும் சிறுநீரகத்துக்கு.

முதலில் புளிப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை, நீங்கள் தேயிலைக்காரர்கள். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே ‘போ’ (Boh) என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, குளிரும் மழையும் மட்டும் பார்த்து இந்த இடம் தேயிலைக்கு ஏற்றது என்று ஆகிவிடவில்லை. மண்ணும் புளித்திருக்க வேண்டும். மண்ணின் பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் தேயிலைக்குக் கொண்டாட்டம். அதே மண்ணில் முட்டைக்கோஸ் போடுகிறவர் சுண்ணாம்பு கொட்டிப் புளிப்பை முறிக்கிறார். பிஎச் 7 என்றால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. இங்கே காரம் என்று நான் சொல்வது மிளகாய்க் காரத்தை அல்ல. சுண்ணாம்பிலும் சோப்பிலும் இருக்கும் வழுவழுப்பான காரத்தை. இந்த அளவில் ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடும். மூன்று படி இறங்கினால் ஆயிரம் மடங்கு. நம் இரைப்பையில் ஊறும் அமிலம் ஏறக்குறைய பிஎச் 2. தேயிலை மண்ணைவிட ஆயிரம் மடங்கு புளிப்பு அங்கே தினமும் ஊறுகிறது. அதைத் தாங்கும்படி இரைப்பைக்குத் தனிச் சுவர் கட்டியிருக்கிறது. தொண்டைக்கு இல்லை, பல்லுக்கும் இல்லை. பல்லை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

நம் இரத்தம் எவ்வளவு? 7.35 முதல் 7.45 வரை. அவ்வளவுதான் இடம். மலைச்சரிவில் கொழுந்துக் கூடையோடு நடக்கிற ஒற்றையடிப் பாதை இருக்கிறதே, அதைவிடக் குறுகல். 6.8-க்குக் கீழே இறங்கினாலோ 7.8-க்கு மேலே ஏறினாலோ உயிர் அதிக நேரம் தாக்குப்பிடிக்காது.

இந்தப் பாதையில் நம்மை நடத்துவது யார்? தோட்டத்து மொழியிலேயே சொல்கிறேன். நுரையீரல் மண்டோர், அதாவது சத்தம் போட்டு வேலை வாங்குகிற மேற்பார்வையாளர். சிறுநீரகம் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவர். புளிப்பு கூடினால் மண்டோர் உடனே சத்தம் போடுவார். மூச்சு வேகமாகும், கரியமில வாயு வெளியே போகும், சில நிமிடங்களில் புளிப்பு தணியும். காரம் கூடினால் மூச்சைச் சற்று அடக்கிக்கொள்வார். ஆனால் மண்டோர் சத்தம் அன்றைக்கு மட்டும்தான். மாதக் கணக்கு கிராணியிடம். அவர் பேரேட்டைத் திறந்து, உப்பு எவ்வளவு வந்தது, பொட்டாசியம் எவ்வளவு போனது, பைகார்பனேட் என்ற காரச்சத்து எவ்வளவு மிச்சம் என்று வரிவரியாக எழுதுவார். சரிசெய்ய அவருக்கு ஓரிரு நாள் ஆகும், ஆனால் முழுதாகச் சரிசெய்வார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மீதியை எண்ணி உள்ளே எடுத்து வைக்கிற கிராணி அவர். அந்தக் காலத்துத் தோட்டக் கிராணிமார் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என் தாத்தாவிடம் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார். ஆனால் இந்தக் கிராணி யோக்கியன்.

கொழுந்து ஆலைக்குப் போகிற வழியிலேயே லாரியிலிருந்து கொட்டிப்போனால் கிராணி என்ன செய்வார்? வந்ததைத்தான் எழுத முடியும். கணக்கு உதைக்கும். கணக்கு உதைத்தால் முதலில் யாரைப் பிடிக்கிறோம்? அவரைத்தான்.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். நான் பார்த்த பல பேரைச் சேர்த்து ஒருத்தியாக்கிச் சொல்கிறேன். ஆகவே இந்த மலையில் அவளைத் தேடாதீர்கள். படிவம் ஐந்து படிக்கிறாள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வருகிறது. படியேறினால் கால் துவளுகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நெஞ்சு படபடக்கிறது. ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. அம்மா சொல்கிறார்: "நல்லாதான் சாப்பிடுறா டாக்டர். ரெண்டு தட்டு சாப்பிடுறா."

இரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் 2.4. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். பைகார்பனேட் 38. வழக்கமாக 22 முதல் 26. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. தாளைப் பார்த்த உறவுக்காரர் ஒருவர் "கிட்னி போச்சு" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வீட்டில் அழுகை. கோயிலுக்கு நேர்த்திக்கடன். யாரோ ஒரு வேர் கொண்டுவந்து கஷாயம் வைத்துக் கொடுக்கிறார்கள். ஸ்கேன் எடுத்தால் இரண்டு சிறுநீரகமும் அழகாக இருக்கின்றன. அப்புறம் ஏன் இந்தக் கணக்கு?

சிறுநீரில் குளோரைடு பார்க்கச் சொன்னேன். விலை குறைந்த, யாரும் அதிகம் கேட்காத பரிசோதனை. கிட்டத்தட்ட இல்லை என்று வந்தது. குளோரைடு என்பது நாம் சாப்பிடும் உப்பில் பாதி. இரைப்பை அமிலத்திலும் அதுதான் பாதி. சாப்பிடுகிற பெண்ணின் சிறுநீரில் அது இல்லையென்றால், உள்ளே போன உப்பு வேறு எந்த வாசல் வழியாகவோ வெளியே போயிருக்கிறது. எந்த வாசல்?

அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, எங்கள் மிஸி, கிளினிக் தாதி. ஊசி போடக் கையைப் பிடித்தபோது விரல் முட்டிகளின் மேல் காய்ப்புக் காய்த்த தழும்புகளைப் பார்த்தார். கன்னத்தின் இரண்டு பக்கமும் பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல் லேசான வீக்கம். மேல்வரிசை முன்பற்களின் உள்பக்கம் தேய்ந்து கண்ணாடிபோல் ஆகியிருந்தது. என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "சாப்பிட்டதும் பாத்ரூம் போறியாம்மா?"

அரைமணி நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது. ஒன்றரை வருடமாக, தினமும், சில நாள் மூன்று முறை.

இந்த நோய்க்குப் பெயர் புலிமியா. ஒரேயடியாக நிறையச் சாப்பிடுவது, பிறகு எடை கூடிவிடும் என்ற பயத்தில் விரலை விட்டு வாந்தி எடுப்பது. 1979-இல் லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் இதைத் தனி நோயாக எழுதினார். பல்லில் உரசி உரசி விரல் முட்டியில் வரும் அந்தத் தழும்புக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தோட்டம் வைத்த ரஸ்ஸல் வேறு, இந்த ரஸ்ஸல் வேறு. முன்னவர் போட்ட செடியை நாம் எல்லாரும் அறிவோம். பின்னவர் சொன்ன தழும்பை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நீங்கள் கேட்கலாம்: "வாந்தி எடுத்தால் கிட்னி போகுமா டாக்டர்? இந்த மலைக்கு ஏறி வரும் தாப்பா ரோட்டு வளைவில் வாந்தி எடுக்காத கேமரன்காரன் உண்டா?" நியாயமான கேள்வி. நானும் அந்த ரோட்டில் பை பிடித்து உட்கார்ந்தவன்தான். ஒரு நாள் வாந்தியை உடம்பு மறுநாளே சமன் செய்துவிடும். தினமும் எடுத்தால் அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். இரைப்பை ஒரு பங்கு அமிலத்தை உள்ளே ஊற்றும்போது, ஒரு பங்கு காரத்தை இரத்தத்துக்குள் விடுகிறது. அமிலம் குடலுக்குள் இறங்கியதும் அங்கே அதற்கு ஈடான காரம் வந்து சேர்ந்து கணக்கு நேராகிவிடும். வாந்தி எடுத்தால் அமிலம் வெளியே போய்விட்டது, காரம் மட்டும் இரத்தத்தில் தங்கிவிட்டது. ஆகவே இரத்தம் காரமாகிறது.

சரி, கிராணி எங்கே போனார்? மிச்சக் காரத்தைச் சிறுநீரில் தள்ளிவிட வேண்டியதுதானே? தள்ளத்தான் பார்க்கிறார். ஆனால் வாந்தியில் அமிலம் மட்டும் போகவில்லை, தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போயின. உடம்பு வற்றுகிறது. வற்றிய வீட்டில் முதல் கட்டளை ஒன்றே: தண்ணீரைப் பிடி, உப்பைப் பிடி, ஒரு சொட்டும் வெளியே விடாதே. உப்பைப் பிடிக்கக் குளோரைடு துணை வேண்டும். குளோரைடு இல்லை. வேறு வழியில்லாமல் பைகார்பனேட்டோடு சேர்த்தே உப்பை உள்ளே இழுக்கிறார். எந்தக் காரத்தை வெளியே தள்ள வேண்டுமோ, அதையே கட்டிப்பிடித்து உட்காருகிறார். பிடித்த உப்புக்குப் பதிலாக எதையாவது வெளியே கொடுக்க வேண்டுமே, பொட்டாசியத்தைக் கொடுக்கிறார். பொட்டாசியமும் தீர்ந்துபோனால் அமிலத்தைக் கொடுக்கிறார். இரத்தம் காரமாக இருக்கும்போது சிறுநீர் புளிப்பாக வருகிறது! மருத்துவ மாணவனாக இதை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தில் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். அச்சுப்பிழை இல்லை. ஒரு நல்ல கிராணி, பஞ்ச காலத்தில், எதைக் காப்பாற்றி எதை விடுவது என்று எடுத்த முடிவு அது.

அந்தப் பொட்டாசியம்தான் கால் துவள்வதற்குக் காரணம். நெஞ்சு படபடப்பதற்கும் அதுதான். மிகவும் இறங்கினால் இதயம் தாளம் தப்பி நின்றே போகலாம். இளம் வயதில், தூக்கத்தில். அதனால்தான் இந்த எண்ணைப் பார்த்ததும் எங்களுக்கு வியர்க்கிறது.

மருந்து என்ன தெரியுமா? உப்பு நீர், பொட்டாசியம். குளோரைடு கிடைத்ததும் கிராணி மூச்சு விடுவார், மிச்சக் காரத்தைத் தானே வெளியே தள்ளுவார், இரண்டு மூன்று நாளில் தாள் நேராகும். அப்படியானால் சிறுநீரகத்துக்கு ஆபத்தே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் பொட்டாசியம் குறைந்தே இருந்தால் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் தழும்பேறும். முதலில் சிறுநீரைச் சுண்ட வைக்கும் திறமை போகும். ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பார்கள், ஓயாத தாகம் எடுக்கும். பிறகு வடிகட்டும் திறமையும் போகும். உலகில் சிலர் இப்படியே டயாலிசிஸ் வரை போயிருக்கிறார்கள். பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகிற பெண்களிடம் இன்னொரு பொறி இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசையே இல்லாத உடம்பில் சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் கிரியாட்டினின் "நார்மல்" என்றுதான் வரும். தாளில் நார்மல் என்று பார்த்து நிம்மதியாகத் தூங்கிய தாய்மார்களை நான் அறிவேன். டாக்டர்களையும் அறிவேன்.

இதை ஒட்டி ஒன்று சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த பிள்ளை ஒருநாள் சாப்பிட ஒத்துக்கொண்டால் சந்தோஷத்தில் விருந்து வைத்துவிடாதீர்கள். 1945-இல் போர்க்கைதிகள் விடுதலையானபோது, பட்டினியில் பிழைத்தவர்களில் சிலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்தார்கள். வெறும் உடம்புக்குள் சோறு திடீரென்று இறங்கும்போது இரத்தத்தில் இருக்கும் கொஞ்ச நஞ்ச பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் ஓடிவிடுகின்றன, இதயம் தடுமாறுகிறது. முதல் சில நாள் மருத்துவர் கண்காணிப்பில், கொஞ்சம் கொஞ்சமாக.

அடுத்தது இன்னொரு வாசல். இரவுச் சந்தையிலும் கைப்பேசியிலும் "மெலிய வைக்கும் டீ" விற்கிறார்கள். தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு தேயிலையே இல்லாத டீயைக் காசு கொடுத்து வாங்குகிறோம்! பலவற்றில் இருப்பது நிலாவிரை இலை. நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே இலை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி, அந்த ஊரின் பெயராலேயே உலக மருந்துக் கடைகளில் பெயர் பெற்ற இலை. பாட்டி வருடத்துக்கு இரண்டு முறை கொடுத்தாள். இவர்கள் தினம் இரண்டு முறை குடிக்கிறார்கள். எடை குறைகிறதா? குறைகிறது. ஆனால் எது குறைகிறது? சோற்றின் சத்து சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிட்டது. பேதி மருந்து வேலை செய்வது அதற்குப் பிறகு வரும் பெருங்குடலில். கொழுப்பு ஒரு துளியும் போவதில்லை. போவது தண்ணீர், பொட்டாசியம், காரச்சத்து.

ஒரு நாள் பயந்து நிறுத்துவார்கள். நிறுத்தியதும் கால் வீங்கும், முகம் உப்பும், தராசு இரண்டு மூன்று கிலோ கூடக் காட்டும். "பார்த்தியா, நிறுத்தினா குண்டாயிட்டேன்" என்று மறுபடி ஆரம்பிப்பார்கள். தங்கைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். அது கொழுப்பு இல்லை. இத்தனை நாள் வறட்சியில் இருந்த கிராணிக்கு மழை வந்த செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பழைய பயத்தில் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். சில வாரங்களில் தானாக விட்டுவிடுவார். அதுவரை பொறுத்தால் தப்பித்தீர்கள். பொறுக்க முடியாமல் "தண்ணீர் மாத்திரை" வாங்கிப் போட்டால் திரும்பவும் குழியில்.

"இதெல்லாம் கோலாலம்பூர்ப் பணக்காரப் பெண்களின் நோய், தோட்டத்தில் ஏது?" என்று இதற்குள் யாராவது மனசுக்குள் கேட்டிருப்பீர்கள். பிஜித் தீவில் நாட்ரோங்கா என்று ஒரு மாநிலம். உடம்பு வாட்டசாட்டமாக இருப்பதே அழகு என்று எண்ணிய ஊர். 1995-இல் அங்கே தொலைக்காட்சி வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஆன் பெக்கர் பள்ளி மாணவியரிடம் வாந்தி எடுத்து எடை குறைப்பதைப் பற்றிக் கேட்டார். 1995-இல் ஒருத்தியும் ஆம் என்று சொல்லவில்லை. 1998-இல் நூற்றுக்குப் பதினோரு பேர் சொன்னார்கள். மூன்றே வருடம், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. இன்று நம் லயத்தில் ஒவ்வொரு கையிலும் ஒரு பெட்டி.

பெட்டியை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. கல்யாண வீட்டில் பத்து மாதம் கழித்துப் பார்க்கிற பெண்ணிடம் நம் வாயில் வரும் முதல் சொல் எது? "என்னடி, குண்டாயிட்டே!" சாப்பிட உட்கார்ந்தால் "இன்னும் ரெண்டு வடை வச்சுக்கோ." அடுத்த நொடியே "இப்படிச் சாப்பிட்டா எவன் கட்டுவான்?" ஒரே வாய், ஒரே பந்தி. பசியோடு வந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். சோறு போடுவதுதான் நமக்கு அன்பு. அந்தச் சோற்றையே ஒரு பிள்ளை ரகசியமாக வெளியே தள்ளுகிறாள் என்றால் நமக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. எனக்கும் வந்தது. அந்தக் கோபத்தை வெளியே நிற்க வைத்ததால்தான் மிஸிக்குப் பதில் கிடைத்தது.

மேல் வாசலைப் பார்த்தோம். பேதி மருந்து திறந்த அந்தக் கீழ் வாசலில் ஒரேயடியாகக் கொட்டிப்போனால்? மேலே போனால் காரம் மிஞ்சும், கீழே போனால் புளிப்பு மிஞ்சும். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குடலின் கீழ்ப்பகுதி நீரில் காரச்சத்து நிறைய. பெரும்பேதியில் அது கொட்டிப்போனால் இரத்தம் புளிக்கும்.

இதற்கு எடுத்துக்காட்டு தேட நான் வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் குடும்பங்களிலேயே இருக்கிறது. "சயாமுக்குப் போனவர்" என்று படம் மாட்டாத, திதி தெரியாத ஒரு பெரியப்பா, ஒரு தாத்தா பல வீடுகளில் உண்டு. 1942-லிருந்து 1943 அக்டோபர் வரை ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா ரயில் பாதைக்கு, மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா நுழைந்தது. காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூட வெளியேறும். கண் குழி விழும், மூச்சு நீளமாக, ஆழமாக வாங்கும். மண்டோர் புளிப்பை வெளியே தள்ளக் கத்துகிற மூச்சு அது. பிறகு சிறுநீர் நின்றுபோகும். சிறுநீரகம் நோய்ப்பட்டதாலா? இல்லை. வடிகட்ட இரத்தமே வரவில்லை.

அதே பாதையில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் முகாம்களிலும் காலரா வந்தது. அவர்களோடு மருத்துவர்கள் இருந்தார்கள். கல்லுப்பைக் கரைத்து, ஆற்று நீரைக் காய்ச்சி வடித்து, மூங்கிலைச் சீவிக் குழாய் செய்து நரம்பில் ஏற்றினார்கள். பலர் பிழைத்தார்கள். பக்கத்துத் தமிழர் முகாமில் அந்த மூங்கில் குழாய் பிடிக்கவும் ஆள் இல்லை. மூங்கில் அங்கேயும் இருந்தது, உப்பும் ஆறும் அங்கேயும் இருந்தன. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது, மன்னியுங்கள்.

அந்த அறிவு அன்றைக்கே நூறு வருடப் பழசு. 1831-இன் கடைசியில் ஓஷாநெஸி என்ற இளம் மருத்துவர் இங்கிலாந்தில் காலரா நோயாளியின் இரத்தத்தைச் சோதித்து, தண்ணீரும் உப்பும் காரமும் குறைந்திருப்பதைச் சொன்னார். மறுவருடமே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா உப்பு நீரை நரம்பில் ஏற்றிக் காட்டினார். 1971-இல் வங்காள எல்லையில் பங்காவ் அகதி முகாமில் ஊசி நீர் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை டிரம்மில் வைத்து வாயாலேயே குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே வந்தது. இன்று கிளினிக்கில் கொடுக்கிற ஓஆர்எஸ் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். அந்தச் சிட்ரேட் உடம்புக்குள் போய்க் காரமாக மாறும். கீழ் வாசலில் போனதை எண்ணி எண்ணித் திருப்பிக் கொடுக்கிற பொட்டலம் அது. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் நல்லது என்று பாதித் தண்ணீரில் கரைக்காதீர்கள்.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றிலும் அதே கதைதான்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிற சின்னப் பிள்ளைகள் சிலர், இன்சுலினை விட்டால் எடை குறைகிறது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஊசி போட்டதாகச் சொல்லிப் போடாமல் இருப்பார்கள். உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கும், அந்தச் சாம்பல் கீட்டோன் அமிலம். மூச்சில் பழ வாசனை, ஆழமான மூச்சு, வாந்தி, வயிற்றுவலி. ஒரு நாள் தாமதித்தாலும் ஆபத்து. தைப்பூச விரதக்காரர்களே, நீரிழிவு மாத்திரை போடுகிறவர்கள் விரதத்துக்கு முன்னால் ஒரு தரம் கிளினிக்குக்கு வந்து கேளுங்கள். சிறுநீரில் சர்க்கரையைத் தள்ளுகிற புதிய மாத்திரைகள் இருக்கின்றன. சாப்பிடாமல் அவற்றைப் போட்டால், சர்க்கரை அதிகம் ஏறாமலே இதே அமிலம் ஏறலாம். முருகன் கோபிக்க மாட்டார்.

அண்ணன்மாருக்கு ஒன்று. சாப்பிடாமல் நாலு நாள் தண்ணி போட்டு, பிறகு வாந்தி எடுத்துக் கிடந்தாலும் இரத்தம் புளிக்கும். அதுவாவது குளுக்கோசும் வைட்டமின் ஊசியும் கொடுத்தால் திரும்பும். சம்சு என்கிற கள்ளச் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தால் கதை வேறு. அது உடம்பில் எறும்புக்கடி அமிலமாக மாறிக் கண்ணைக் குருடாக்கும், உயிரை எடுக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் அப்படித்தான் நடந்தது. 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். குடித்த மறுநாள் கண் பனிமூட்டமாகத் தெரிந்தால், வெளியே பனி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியாகச் சுண்ணாம்பு. ஏன் சிரிக்கிறீர்கள்? 1915-இல் சிக்காகோவில் சிப்பி என்ற மருத்துவர் அல்சருக்கு மணிக்கொரு தரம் பாலும் காரப்பொடியும் கொடுத்தார். அல்சர் ஆறியது. ஆனால் சிலருக்கு இரத்தத்தில் கால்சியம் ஏறி, இரத்தம் காரமாகி, சிறுநீரகம் படுத்துக்கொண்டது. அதே நிலை வெற்றிலைபாக்கில் தடவும் சுண்ணாம்பால் வருவதைத் தைவான் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாளுக்கு ஒரு தாம்பூலம் போடுகிறவருக்கு இல்லை. காலையிலிருந்து ராத்திரி வரை வாய் ஓயாமல் மெல்லுகிறவருக்கு. அதோடு மூட்டுவலிக்குக் கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஈனோ. நானே பார்த்த ஒரு பாட்டிக்கு டயாலிசிஸ் வரை பேச்சு போய்விட்டது. டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு உப்பு நீர் ஏற்றினோம். சில வாரத்தில் நடந்து வீட்டுக்குப் போனார். வாய்ப்புற்று தனிக் கதை, அதற்கு இன்னொரு நாள் வருகிறேன். கர்ப்பமாக இருக்கும்போது திருநீறு, சிலேட்டுக்குச்சி, செங்கல் தின்னத் தோன்றுகிற பெண்களும் சொல்லிவிடுங்கள். அது ஆசை இல்லை, பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. திட்ட மாட்டேன்.

நம் நாட்டில் புதிதாக டயாலிசிசுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் நீரிழிவால் போகிறார்கள். அந்தச் சேதம் திரும்பாது. நான் இன்று சொன்னவற்றில் பெரும்பாலானவை திரும்பும், நேரத்தில் கேட்டால். கேட்பது என்றால் தாளைப் பார்த்துக் கேட்பது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நாலாவது வரிசையில் ஒரு அக்கா கண்ணாலேயே கேட்கிறார். மூன்று நாளில் பொட்டாசியம் ஏறியது. மனசு மூன்று நாளில் ஏறவில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்பினோம், வாரம் ஒரு முறை பேசினார்கள். ஆறு மாதம் கழித்துப் பொட்டாசியம் 3.6. தேர்வு முடிவு வந்த மாதம் 3.0. மறுபடி ஏறியது. அவளுக்கு வெளியில் பேச ஒரு வழி இருக்கட்டும் என்று சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். உங்களுக்கும் அதே எண்தான்.

அம்மாவிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும் அரைமணி நேரம் அவளோடு உட்காருங்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசாதீர்கள். அடுத்த முறை வந்தபோது அம்மா சொன்னார்: "முதல்ல அவளுக்குப் பிடிக்கல டாக்டர். காவல் காக்கிறியான்னு கேட்டா. இப்ப சீரியல்ல எனக்கு விட்டுப்போன கதையெல்லாம் அவதான் சொல்றா."

வெளியே டீ தயாராம். எலுமிச்சை பிழிந்ததும் இருக்கிறது. பிழிந்ததும் சாயம் வெளுப்பதைப் பாருங்கள், அதுவும் புளிப்பின் வேலைதான். எல்லார் முன்னாலும் கேட்கக்கூடிய கேள்விகளை அங்கே கேளுங்கள். தனியாகக் கேட்க வேண்டியவர்களுக்கு உள்ளறையில் மிஸி உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது வரிசைப் பாட்டி, அந்தச் சுண்ணாம்பு டப்பாவை முந்தானையில் மறைக்க வேண்டாம். கையோடு கொண்டுவாருங்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு தடவுகிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்.